சின்ன வடிகோப்பி மெஷின்: தூள் முதல் துப்புரவு வரை

நாலைந்து கோப்பை கொள்ளும் சின்ன வடிகோப்பி மெஷின் பழைய காலத்துத் தோற்றத்தில் இப்போது பல நிறங்களில் கிடைக்கிறது. உருண்ட உடம்பு, பளபளக்கும் வளையம், ஒரேயொரு சுவிட்ச். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இது வீட்டுக்கு வருவது பெரும்பாலும் இரண்டு வழிகளில்: கொழும்பிலிருந்து இணையத்தில் வாங்கியது, அல்லது வெளிநாட்டு உறவினர் பார்சலில் போட்டு அனுப்பியது. ஆசையாக ஒன்றிரண்டு தரம் போட்டுப் பார்த்துவிட்டு, "கோப்பி தண்ணியாக வருகிறது", "தூள் போடும் கூடை பொங்கி வழிகிறது" என்று அலுமாரிக்கு மேலே ஏற்றிவிடுகிற வீடுகள் நிறைய.

மெஷினில் பிழை இருப்பது அரிது. நம் கடைகளில் விற்கும் கோப்பித்தூள் இந்த மெஷினுக்காக அரைத்ததல்ல. முக்கால்வாசிச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. தண்ணீரும் மின்சாரமும் மீதிச் சிக்கலைத் தருகின்றன. இந்த மூன்றையும் சரிப்படுத்திவிட்டால் மெஷின் தன் வேலையைத் தானே பார்க்கும்.

பிளக்கைக் குத்துவதற்கு முன்

மெஷினைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். "220–240 வோல்ட்" என்று இருந்தால் நம் 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடும். பிரித்தானியா, சுவிஸ், பிரான்ஸ், ஜேர்மனி, அவுஸ்திரேலியா, கட்டார், குவைத் ஆகிய நாடுகளிலிருந்து வருபவை இந்த வகைதான். கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருபவை 120 வோல்ட். யப்பானில் வாங்கியது 100 வோல்ட்.

120 வோல்ட் மெஷினை வெறும் பிளக் அடப்டர் போட்டு நம் வீட்டில் குத்தினால் என்ன ஆகும்? சூடேற்றும் கம்பி இழுக்கும் சக்தி வோல்ட்டின் இருமடியோடு கூடும். 120 வோல்ட்டில் 600 வாட் எடுக்கும் கம்பி 230 வோல்ட்டில் ஏறக்குறைய 2,200 வாட் எடுக்கும். சில விநாடிகளில் உள்ளேயுள்ள பியூஸ் போகும். போகாவிட்டால் பிளாஸ்டிக் உருகும். அடப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. இந்த மெஷின்களுக்கு வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்போமர் வேண்டும். 600 வாட் மெஷினுக்கு 1,000 வாட் அளவாவது எடுங்கள். அது பாரமானது, விலையும் குறைவல்ல. கனடாவிலிருந்து அனுப்பப் போகிறோம் என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்று சொல்லி இங்கேயே ஒன்றை வாங்குவதுதான் புத்தி.

வோல்ட் சரியாக இருந்தாலும் பிளக்கைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய இரட்டைமுள் பிளக்கை, நம் பிளக்பேஸின் மேல் ஓட்டைக்குள் பேனையையோ குச்சியையோ விட்டுத் திறந்து குத்துவது இங்கே சர்வசாதாரணம். அப்படிக் குத்தினால் எர்த் தொடுப்பு இல்லை. தண்ணீரும் வெப்பமும் உலோக உடம்பும் ஒன்றாக இருக்கும் பொருளில் எர்த் இல்லாமல் ஓட்டக்கூடாது. வயரை வெட்டி 13 அம்பியர் சதுரமுள் பிளக் போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சளும் பச்சையும் கோடிட்ட வயர் எர்த் முள்ளுக்குப் போகவேண்டும். பிளக்குக்குள் 3 அல்லது 5 அம்பியர் பியூஸ் போதும். 600 வாட் மெஷின் எடுப்பது மூன்று அம்பியருக்கும் குறைவு, ஆகவே பழைய வீட்டு 5 அம்பியர் உருண்டைமுள் பிளக்பேஸ்கூடத் தாங்கும். ஆனால் அதே மல்டிபிளக்கில் கேத்திலையும் சோறு சமைக்கும் குக்கரையும் சேர்த்துக் குத்தாதீர்கள்.

தோற்றம் மட்டுமல்ல, உண்மையிலேயே எழுபது எண்பதுகளில் செய்த மெஷின் கையில் கிடைத்தால் ஆசைப்படுவதற்கு முன் வயரைப் பாருங்கள். றப்பர் வெடித்திருந்தாலோ, உலோக உடம்புக்கு எர்த் இல்லாமல் இரட்டை வயர் மட்டும் வந்தாலோ, வயரிங் தெரிந்தவரிடம் காட்டி மாற்றாமல் தொடவேண்டாம்.

உள்ளே நடப்பது

இந்த வகை மெஷினில் பம்பு கிடையாது. பின்னாலிருக்கும் தொட்டியில் ஊற்றும் தண்ணீர் அடியிலுள்ள ஒரு சின்ன ஒருவழி வால்வைத் தாண்டி, லாடம் போல வளைந்த அலுமினியக் குழாய்க்குள் இறங்கும். அந்தக் குழாயோடு ஒட்டியே சூடேற்றும் கம்பி ஓடுகிறது. குழாயில் தண்ணீர் கொதித்து ஆவிக் குமிழிகள் எழும். வால்வு பின்னால் போகவிடாததால் குமிழிகள் தண்ணீரை மேலே தள்ளும். அது ஏறுகுழாய் வழியாகப் போய்க் கூடைக்கு மேலே சொட்டும். "கொடகொட" என்ற சத்தம் இதுதான். தொட்டி வற்றியதும் குழாய் அளவுக்கு மேல் சூடாகும், தேர்மோஸ்டாட் மின்சாரத்தை வெட்டும், ஆறினால் திரும்பக் கொடுக்கும். கண்ணாடி ஜக் இருக்கும் சூட்டுத்தட்டையும் அதே கம்பிதான் சூடாக்குகிறது.

இதன் முதல் வடிவம் ஜேர்மனியில் 1954 இல் காப்புரிமை பெற்ற விகோமாற் என்ற மெஷின். கூடைக்குள் போட்டுக் கோப்பியை வடிக்கும் வடிதாளைப் பிள்ளைகளின் கொப்பியின் மையொற்றுத் தாளை வைத்து மெலிட்டா பென்ட்ஸ் என்ற ஜேர்மன் பெண் 1908 இல் உருவாக்கினார். இன்று கடையில் இருக்கும் சின்ன மெஷினில் அடிப்படையில் மாறியது ஒன்றுமில்லை, ஆகவே பழுதுபார்க்கும் அறிவும் எல்லாவற்றுக்கும் ஒன்றே.

முகப்பில் முள்ளோடு ஒரு மானி இருந்தால் அது வெப்பத்தை அளக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். பல மாதிரிகளில் அது வடிக்கத் தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று என்பதை மட்டும் காட்டும்.

தூள்: இங்கேதான் எல்லாம்

நம் வழக்கம் என்ன? கோப்பையில் தூளும் சீனியும் போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றி, மண்டி அடியில் இறங்கும்வரை வைத்துக் குடிப்போம். அதற்குத் தூள் மாவாக இருக்கவேண்டும்; கடைகளும் மில்களும் அப்படித்தான் அரைக்கின்றன. அதே மாவை வடிதாளில் போட்டால் தாளின் கண்கள் அடைபடும். மேலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும், கீழே போக வழியிராது. கூடை நிரம்பிக் கொதிமண்டி விளிம்பைத் தாண்டிச் சூட்டுத்தட்டில் வழியும். வழியாமல் தப்பினாலும், அரைமணிநேரம் ஊறியதுபோலக் கசப்பு முழுவதும் இறங்கிவிடும்.

வடிகோப்பிக்குத் தூள் ரவை அளவில் இருக்கவேண்டும். விரலுக்கிடையில் தேய்த்தால் மணி மணியாகத் தட்டுப்பட வேண்டும். விரலில் மாவாக ஒட்டினால் அது ஆகாது.

அடுத்தது கலப்பு. கடைத்தூளில் மல்லி, சுக்கு, சிலவேளை மிளகும் சேர்ந்திருக்கும். மல்லித்தூள் தண்ணீர் பட்டால் ஊதிப் பசையாகும், ரவையாக அரைத்தாலும் கூடையை அடைக்கும். அதன் வாசம் பிளாஸ்டிக் கூடையில் ஏறினால் கழுவினாலும் போகாது. மெஷினுக்கு வெறும் கோப்பி மட்டும்.

ஆகவே கொட்டையாக வாங்குங்கள். மலையகத்திலிருந்து வரும் வறுத்த கொட்டையும் பச்சைக் கொட்டையும் மளிகைக் கடைகளில் சொல்லி வைத்தால் எடுத்துத் தருவார்கள். அறுகம்பேயில் உல்லாசப் பயணிகளுக்காக நடக்கும் கோப்பிக் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம்; "வடிக்கிற மெஷினுக்கு" என்று சொன்னால் போதும், அவர்களுக்கு விளங்கும். ஒரு காலத்தில் இலங்கையே கோப்பி நாடு. 1869 இல் தோட்டங்களில் கண்ட இலைத்துரு நோய்க்குப் பிறகுதான் அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. இன்று வீட்டுத் தோட்டங்களில் அதிகம் நிற்பது ரொபஸ்டா இனக் கோப்பி. கசப்பும் கனமும் கூடியது, பாலுக்கு நல்லாய் நிற்கும். கண்டி, நுவரெலியா மேட்டுப் பகுதிகளில் விளையும் அரபிக்கா மென்மையானது, வெறுங்கோப்பிக்குச் சிறப்பு.

பச்சைக் கொட்டையைத் தாச்சியில் நீங்களே வறுப்பதானால் மிதமான நெருப்பில் விடாமல் கிண்டுங்கள். முதல் வெடிப்புச் சத்தம் அடங்கி, நிறம் கடும் மண்ணிறமானதும் சுளகில் கொட்டி ஆறவிடுங்கள். எண்ணெய் மினுங்கிக் கறுத்துவிட்டால் மெஷினில் கரிச்சுவை மட்டுமே வரும். வறுத்த உடனே அரைத்துப் போடவும் வேண்டாம். புதிதாய் வறுத்த கொட்டையில் அடைபட்டிருக்கும் வாயு, சுடுதண்ணீர் பட்டதும் நுரையாகப் பொங்கிச் சின்னக் கூடையை நிரப்பிவிடும். இரண்டு நாள் பொறுத்து அரையுங்கள்.

கோப்பி அரைக்கும் கைமில் இருந்தால் அதுதான் முதல்தரம். இல்லாவிட்டால் வீட்டுக் கிரைண்டரின் சின்ன ஜார் போதும், ஆனால் தொடர்ந்து ஓடவிடாதீர்கள். 30 கிராம் போட்டு, ஒவ்வொரு விநாடி விட்டு விட்டு எட்டுப் பத்துத் தரம் அழுத்துங்கள். இடையிடையே ஜாரைக் குலுக்குங்கள். கத்தி அரைப்பு ஒருபோதும் சீராக இருக்காது: பாதி மணி, பாதி மா. அதற்கு நம் வீட்டிலேயே மருந்து இருக்கிறது. மா அரிக்கும் அரிதட்டில் அரியுங்கள். மேலே நிற்பது மெஷினுக்கு. கீழே விழும் மாவைப் போத்தலில் போட்டு வைத்து வழக்கமான கோப்பையில் கலக்கிக் குடியுங்கள், ஒன்றும் வீணாகாது. இந்த ஒரு வேலையால் வரும் மாற்றம், மெஷினை மாற்றினாலும் வராது.

மில்லில் கொடுத்து அரைப்பதைத் தவிருங்கள். மிளகாய்த்தூளும் கறித்தூளும் ஓடிய கல்லில் கோப்பியை ஓட்டினால் அந்தக் காரம் கூடவே வரும்.

கடைத்தூளைத் தவிர வேறொன்றும் இல்லாத நாளில் 250 மில்லிலீட்டர் தண்ணீருக்கு 12 கிராமுக்கு மேல் போடாமல், வடிதாளோடு, பக்கத்திலேயே நின்று வடியுங்கள். கூடையில் தண்ணீர் ஏறத் தொடங்கினால் சுவிட்சை அணைத்து, இறங்கியபின் திரும்பப் போடவேண்டும். இது அவசரத்துக்கு மட்டும்.

தூளைக் காற்றுப் புகாத போத்தலில், அடுப்படிச் சூடு படாத இடத்தில் வையுங்கள். நம் கரையோர ஈரப்பதத்தில் திறந்த பைக்கற் சில நாளிலேயே கட்டிபட்டு மணம் இழக்கும். ஒரு கிழமைக்கு வேண்டியதை மட்டும் அரைப்பது நல்லது.

தண்ணீர்

கோப்பியில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு தண்ணீர். கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, திருக்கோவில் என்று கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல்தரையில் இருக்கும் கிணறுகளில் கோடை முற்றினால் உவர் தட்டும். உவர்த் தண்ணீரில் எந்தக் கோப்பியும் தேறாது. உள்பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் சுண்ணாம்பு கூட; குடிக்கத் தெரியாது, ஆனால் கேத்திலின் அடியில் வெள்ளைப் படலம் பிடித்திருந்தால் அதே படலம் மெஷினின் குழாய்க்குள்ளும் பிடிக்கிறது என்று பொருள். அங்கே கை போகாது.

உன்னிச்சைக் குளத்திலிருந்து சுத்திகரித்து வரும் மட்டக்களப்பு நகரக் குழாய்நீர் போன்றவை இந்த வேலைக்கு நல்லவை. குளோரின் மணந்தால் அகன்ற பாத்திரத்தில் இரவு முழுவதும் வைத்தால் பெரும்பாலும் பறந்துவிடும். சுண்ணாம்புக் கிணறானால் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியில் படிந்த வெள்ளைத் தூள் கலங்காமல் மேல்தெளிவை மட்டும் ஊற்றுங்கள். கொதிக்கும்போதே சுண்ணாம்பின் ஒரு பகுதி பிரிந்து படிந்துவிடும். பெரிய போத்தலில் வாங்கும் சுத்திகரித்த தண்ணீர் மெஷினுக்குப் பாதுகாப்பு, ஆனால் தாது அதிகம் நீங்கியதில் கோப்பி சப்பென்று இருக்கும். குழாய்நீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் அந்தக் குறை தீரும்.

தொட்டியில் எப்போதும் சாதாரணத் தண்ணீர்தான். சீக்கிரம் வடியட்டும் என்று கொதிநீர் ஊற்றாதீர்கள். தொட்டியும் வால்வும் அதற்குச் செய்தவை அல்ல. பாலோ, சீனித்தண்ணீரோ, மல்லி அவித்த தண்ணீரோ தொட்டிக்குள் போகவே கூடாது. குழாயில் கருகிப் பிடித்தால் மெஷின் முடிந்தது.

வடிதாள்

சின்னக் கூம்புக் கூடைகளுக்குப் பெரும்பாலும் 2 ஆம் இலக்கத் தாள் பொருந்தும், கொஞ்சம் பெரியவற்றுக்கு 4. தட்டையடிக் கூடைக்குச் சுருக்கு வைத்த வட்டத்தாள். மட்டக்களப்பில் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, கொழும்புக்குப் போகிறவர்களிடம் நூறு தாளாகச் சொல்லிவிடுங்கள். கூம்புத் தாளின் ஒட்டு விளிம்புகளை, அடியை ஒரு பக்கமும் ஓரத்தை எதிர்ப்பக்கமுமாக மடித்துப் போட்டால் நடுவில் சரியாது.

மெஷினோடு வரும் நைலோன் சல்லடை செலவில்லாதது, ஆனால் மண்டியும் கோப்பி எண்ணெயும் கீழே வரும். கொலஸ்ட்ரோலை ஏற்றும் கபேஸ்டோல் அந்த எண்ணெயோடு வருவது. தாள் அதைப் பெரிதும் பிடித்துக்கொள்ளும். வைத்தியர் கொழுப்பைக் குறைக்கச் சொன்னவர்களுக்குத் தாள்தான் பொருத்தம்.

தாள் முடிந்தால் மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியைக் கூடையின் வடிவில் தைத்து, ஒருதரம் அவித்து எடுத்துப் பயன்படுத்தலாம். சவர்க்காரம் போடாமல் கழுவி, தண்ணீரில் அமிழ்த்திப் பிரிட்ஜில் வையுங்கள். டிசுத் தாள் கொதிநீரில் கிழிந்து கூடையின் அடி ஓட்டையை அடைக்கும், அதைப் போடாதீர்கள்.

அளவு

ஒரு லீட்டர் தண்ணீருக்கு 60 கிராம். இதுதான் தொடக்கம். 300 மில்லிலீட்டருக்கு 18 கிராம், 450 க்கு 27, 600 க்கு 36. தராசு இல்லையென்றால், ரவை அரைப்பில் தலைதட்டிய மேசைக்கரண்டி ஒன்று ஏறக்குறைய 5 கிராம். ஆனால் ஒரு சமையல் தராசு வாங்கினால் மெஷின் ஒவ்வொரு நாளும் ஒரே ருசி தரும்.

தொட்டியில் குறித்திருக்கும் "கோப்பை" என்பது 120 முதல் 150 மில்லிலீட்டர். நம் தேத்தண்ணீர்க் கோப்பை அதைவிடப் பெரிது. ஐந்து கோப்பை மெஷினில் மூன்று பேருக்குத்தான் தாராளமாகக் காணும். இன்னுமொன்று: ஒரு கிராம் தூள் ஏறக்குறைய 2 மில்லிலீட்டர் தண்ணீரைத் தனக்குள் வைத்துக்கொள்ளும். 600 ஊற்றி 36 கிராம் போட்டால் ஜக்கில் 530 அளவுதான் வரும். மெஷின் ஒழுகுகிறது என்று பயப்பட வேண்டாம்.

வடிக்கும் முறை

1. கூடையில் தாளைப் போட்டு, ஜக்கை மூடியோடு கீழே வைத்து, 100 மில்லிலீட்டர் சுடுதண்ணீரைத் தாளின்மேல் ஊற்றுங்கள். தாளின் வாசம் போகும், ஜக்கும் சூடாகும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

2. தொட்டியில் அளந்த தண்ணீரை ஊற்றுங்கள். ஜக்கின் கோடுகளை நம்பாமல் அளவுக் கோப்பையால் அளக்கவேண்டும்.

3. தூளைப் போட்டுக் கூடையை மெல்லத் தட்டிச் சமப்படுத்துங்கள். அமுக்கக் கூடாது. கூடையின் மூன்றில் இரண்டுக்கு மேல் தூள் ஏறவும் கூடாது.

4. ஜக்கை மூடியோடு சரியாக உள்ளே தள்ளுங்கள். கூடையின் அடியிலுள்ள சொட்டுத்தடுப்பை ஜக்கின் மூடிதான் மேலே தள்ளித் திறக்கிறது. மூடி இல்லாவிட்டால் திறக்காது, கூடை நிரம்பி வழியும்.

5. சுவிட்சைப் போடுங்கள். தூளின்மேல் தண்ணீர் விழத் தொடங்கி ஏறக்குறைய 50 மில்லிலீட்டர் இறங்கியதும் அணையுங்கள். மேல்மூடியைத் திறந்து (ஆவி முகத்தில் அடிக்காமல் ஒதுங்கி நின்று), மரக்குச்சியால் தூளை ஒருதரம் மெல்லக் கிண்டிவிடுங்கள். சின்ன மெஷின்கள் நடுவில் மட்டும் சொட்டும், ஓரத்துத் தூள் காய்ந்தே கிடக்கும். கோப்பி தண்ணியாக வருவதற்கு இது பெரிய காரணம். 30 விநாடி பொறுத்துத் திரும்பச் சுவிட்சைப் போடுங்கள்.

6. மீதி தானாக வடியும். 600 மில்லிலீட்டரை நம் ஊர்த் தண்ணீரின் 28 பாகையிலிருந்து 95 பாகைக்கு உயர்த்த, 600 வாட் மெஷினுக்குக் கணக்குப்படி நாலேமுக்கால் நிமிடம் வேண்டும். வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் ஆறேழு நிமிடம். மெஷின் புதிதாக இருக்கும்போது எடுக்கும் நேரத்தை அடியில் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். பிறகு பழுதுபார்க்க அதுதான் அளவுகோல்.

7. கடைசிச் சொட்டு இறங்கியதும் சுவிட்சை அணைத்து, ஜக்கைச் சுழற்றிக் கலக்கிவிட்டு ஊற்றுங்கள். முதலில் இறங்குவது தடிப்பு, கடைசியில் இறங்குவது தண்ணி. கலக்காமல் ஊற்றினால் ஒருவருக்குக் கசப்பும் மற்றவருக்கு வெந்நீரும் கிடைக்கும்.

சூட்டுத்தட்டில் 20 நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள். கோப்பி அங்கே காய்ந்து புளிக்கும், கசக்கும். பிந்தி வருபவர்களுக்கு, சுடுதண்ணீரால் அலம்பிய பிளாஸ்கில் ஊற்றிவையுங்கள். இரண்டாம் தரம் வடிப்பதானால் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். சூடான குழாயில் தண்ணீர் பட்டால் ஆவி மேலே சீறும்.

நடுவில் கரண்ட் போனால் உடனே சுவிட்சை அணைக்கவேண்டும். பழைய மாதிரிச் சுவிட்ச் போட்டபடியே நிற்கும், கரண்ட் வந்ததும் யாருமில்லாத வீட்டிலும் சூடேறத் தொடங்கும். மாரியில் இடி முழங்கும் நேரம் பிளக்கையே கழற்றிவிடுங்கள்.

நோன்பு மாதத்தில் சஹருக்கு வசதியாக இரவே எல்லாம் போட்டு வைப்பவர்கள் தண்ணீரை மட்டும் ஊற்றி வையுங்கள். தூள் இரவு முழுவதும் திறந்த கூடையில் கிடந்தால் மணம் போய்விடும்.

பால்கோப்பியும் மல்லிக்கோப்பியும்

பாலுக்கு வடிப்பதானால் தடிப்பாக வேண்டும். 450 மில்லிலீட்டருக்கு 36 கிராம் போடுங்கள். 380 அளவு வரும். ஒரு கோப்பைக்கு அதில் 90 எடுத்துப் பால் சேர்க்கலாம். பால்மாவை நேரே கொதிக்கோப்பியில் போட்டால் கட்டிபடும், சிலவேளை திரியும். இரண்டு மேசைக்கரண்டி பால்மாவை முதலில் 60 மில்லிலீட்டர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து, அதன்மேல் கோப்பியை ஊற்றவேண்டும். ரின்பால் என்றால் இரண்டு தேக்கரண்டி, சீனி வேண்டாம். எருமைப்பால் கிடைக்கிற இடங்களில் அதைக் காய்ச்சிச் சேர்த்தால் ரொபஸ்டாவின் கசப்பு அழகாக அடங்கும்.

மல்லிக்கோப்பி விருப்பமானவர்கள் அதைக் கைவிடத் தேவையில்லை. ஒரு தேக்கரண்டி இடித்த மல்லியையும் சின்னத் துண்டு சுக்கையும் 100 மில்லிலீட்டர் தண்ணீரில் வேறாக அவித்து, வடித்து, சூடாகவே ஜக்கில் ஊற்றி வைத்துவிட்டு மெஷினைப் போடுங்கள். தொட்டித் தண்ணீரில் 100 ஐக் குறைத்துக்கொள்ளுங்கள். கோப்பி அதன்மேல் சொட்டிக் கலக்கும். கூடையும் குழாயும் சுத்தமாக இருக்கும்.

பிழைத்தால்

கூடை வழிந்தால் முதலில் தூள், பிறகு ஜக் மூடி, பிறகு தாள் சரிந்ததா என்று இந்த வரிசையில் பாருங்கள். ஜக் உடைந்து வேறொன்று வாங்கியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: உயரம் சில மில்லிமீற்றர் குறைந்தாலும் சொட்டுத்தடுப்பு திறக்காது. புதிது வாங்கும்போது மூடியோடு சேர்த்து உயரத்தை அளந்து வாங்குங்கள்.

கோப்பி தண்ணியாகவும் புளிப்பாகவும் இருந்தால் அரைப்பு பெரிது, அல்லது தூள் குறைவு. பாதித் தொட்டிக்கும் குறைவாக வடித்தாலும் இப்படி ஆகும். குழாய் முழுதாகச் சூடேறுவதற்கு முன்பே தண்ணீர் தீர்ந்துவிடுகிறது. கசப்பு மட்டும் தூக்கினால் அரைப்பு மா, அல்லது வறுவல் கரி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

சத்தம் வருகிறது, ஆவி வருகிறது, தண்ணீர் மேலே ஏறவில்லை என்றால் தொட்டிக்குள் பாருங்கள். தொட்டித் தண்ணீர் குமிழியிட்டால் ஒருவழி வால்வு மூடவில்லை. சுண்ணாம்புத் துகளோ கோப்பி மணியோ சிக்கியிருக்கும். பிளக்கைக் கழற்றி, ஆறவிட்டு, தொட்டியின் அடி ஓட்டைமேல் தண்ணீரை வேகமாக ஊற்றிக் கவிழ்த்துக் கழுவினால் பலதரம் சரியாகும். குமிழியும் இல்லை, ஏறவும் இல்லையென்றால் குழாயில் காற்று அடைத்திருக்கும். ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றி, மெஷினை முன்னும் பின்னும் மெல்லச் சரித்துத் தட்டுங்கள்.

சூட்டுத்தட்டும் சூடாகவில்லை, தண்ணீரும் ஏறவில்லை என்றால் பிளக் பியூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் உள்ளேயுள்ள வெப்பப் பியூஸ் போயிருக்கும். அதே பாகை, அதே அம்பியர் உள்ள பியூஸ் போட்டுத் திருத்தலாம். பியூஸை நீக்கி வயரை நேரே முறுக்கிக் கொடுக்கும் வேலையை யார் செய்து தந்தாலும் ஏற்காதீர்கள். தேர்மோஸ்டாட் ஒட்டிக்கொள்ளும் நாளில் வீட்டைக் காப்பாற்றுவது அந்தப் பியூஸ்தான்.

மெஷினின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்தால் வால்வுக்கும் அலுமினியக் குழாய்க்கும் இடையிலுள்ள சிலிக்கோன் குழாயோ அதன் பிடியோ தளர்ந்திருக்கிறது. கசிவோடு ஓட்டவேண்டாம்.

துப்புரவு

தினமும் மண்டியை உடனே கொட்டி, கூடையையும் ஜக்கையும் கழுவிக் கவிழ்த்துங்கள். மண்டி வாழைக்கும் றோசாவுக்கும் நல்லது. சூடான ஜக்கைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்தால் வெடிக்கும். மேல்மூடியை ஒருமணிநேரம் திறந்து வைத்துத் தொட்டியைக் காயவிட்டுப் பிறகு மூடுங்கள். ஈரமும் இளஞ்சூடும் உள்ள இடம் கரப்பானுக்குப் பிடித்தமானது. சீனியை மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தால் எறும்பு சுவிட்சுக்குள் போகும்.

சுண்ணாம்பு கழுவுவது வடிக்கும் நேரத்தைப் பொறுத்தது. முதலில் எழுதி ஒட்டிய நேரத்தைவிட இரண்டு நிமிடம் கூடினாலோ, ஆவி அதிகம் சீறினாலோ, கழுவும் காலம் வந்துவிட்டது. கிணற்றுத் தண்ணீர் வீடுகளில் மாதம் ஒருதரம் தேவைப்படலாம்.

சித்திரிக்கமிலத் தூள் பேக்கரிச் சாமான் கடைகளில் கிடைக்கும். 500 மில்லிலீட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஒரு மேசைக்கரண்டி கரைத்துத் தொட்டியில் ஊற்றுங்கள். பாதி வடிந்ததும் அணைத்து அரைமணிநேரம் விடுங்கள், பிறகு மீதியை ஓட்டுங்கள். அதற்குப் பிறகு நல்ல தண்ணீர் முழுத்தொட்டி இரண்டு அல்லது மூன்று தரம் ஓட்டிக் கொட்டவேண்டும். அமிலத் தூள் கிடைக்காவிட்டால் வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சம அளவு. வாசம் போக இன்னும் ஒருதரம் கூட ஓட்டவேண்டியிருக்கும். தேசிக்காய்ச் சாறும் வேலை செய்யும், ஐந்தாறு காயின் சாற்றைத் துணியில் இருதரம் வடித்தால் மட்டும். சதைத்துணுக்கு வால்வில் சிக்கினால் முன்னிருந்ததைவிடப் பெரிய வேலை. தென்னங்கள் வினாகிரியில் நிறமும் கள்ளின் மிச்சமும் இருப்பதால் அதை மெஷினுக்கு விடாதீர்கள்.

கல்லடி, பாசிக்குடா போலக் கடற்காற்று நேரே அடிக்கும் வீடுகளில் சூட்டுத்தட்டின் ஓரமும் பிளக் முள்ளும் சீக்கிரம் துருப்பிடிக்கும். யன்னல் ஓரத்தில் வைக்காமல், ஓட்டாத நாட்களில் துணியால் மூடி வையுங்கள். பிளக் முள் கறுத்துச் சூடானால் பிளக்கை மாற்றுங்கள். நீண்ட நாள் ஓட்டாமல் வைக்கப் போகிறீர்கள் என்றால் கடைசியாக ஒருதரம் வெறும் தண்ணீர் ஓட்டி, ஆறியதும் மெஷினைக் கவிழ்த்து உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். திரும்ப எடுக்கும் நாளில் முதல் தொட்டித் தண்ணீரைக் குடிக்காமல் கொட்டவேண்டும்.